கழித்துக் கொட்டிய பெரலியக் கன்றுகள்

தேயிலைத் தவறணையில், அந்த நாற்றுப்பண்ணையில், கன்று வளர்த்துப் பழகியவள் ஜொய்சி. அங்கே சட்டம் ஒன்றே ஒன்றுதான்: நல்ல தாய்ச்செடியாகப் பார்த்துப் பிடி, அதிலேயே கிளை வெட்டி வை, ஒன்றுபோல் வளராததைத் தூக்கி எறி. அதில் அவள் கைதேர்ந்தவள். அதனால்தான், பெரிய வெள்ளம் வந்ததற்கு மறுவருஷம் கலவானைப் பக்கம் மரம் நடும் திட்டத்துக்கு ஆள் தேடி வந்த அதிகாரி ஸஹாப்தீன், காட்டுமரத் தவறணை முழுவதையும் அவள் பொறுப்பில் விட்டார். மண் சரிந்த பள்ளத்தில், தேயிலை பிரித்துவைத்த இரண்டு காட்டுத்துண்டுகளுக்கு நடுவே, பெரலிய என்னும் காட்டுமரம் நட வேண்டும்.

அவர் பார்க்க வருவதற்கு முந்தின பின்னேரம் ஜொய்சி தவறணையைச் சீராக்கினாள். குட்டை, கோணல், கொழுந்து சிவந்தது எல்லாவற்றையும் பையோடு தூக்கி ஓடைச் சரிவில் கொட்டினாள். மிஞ்சியவை பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் ஒரே உயரத்தில் நின்றன.

மறுநாள் ஸஹாப்தீன் வந்தார். காட்டுக்கு ஒன்றாகப் போட்ட ஐந்து பாத்திகளில் நான்கு ஏறக்குறையக் காலி.

"மத்தக் கன்றெல்லாம் எங்க புள்ள?"

"நோஞ்சானெல்லாம் கழிச்சுக் கொட்டிட்டேன் சேர்."

"கொட்டிட்டீங்களா?" அவர் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். "அஞ்சு காட்டுல பொறுக்கின விதை புள்ள அது. இப்ப நிக்கிறதெல்லாம் அநேகமா ரோட்டோரக் காட்டுப் பெரிய மரத்துட புள்ளைங்கதான். இதுகள மட்டும் நட்டா, ஒரு நோய் வந்தாலும் எல்லாத்துக்கும் ஒண்ணா வரும். அதுகளுக்குள்ளயே மகரந்தம் சேந்து காய்ச்சுக் காய்ச்சு, வர வர வித்தும் சொத்தையாப் போகும்."

கன்றுப் பையில் மண் நிரப்பிக்கொண்டிருந்த, கூட வேலைசெய்யும் சூசையம்மா விடவில்லை. "கேட்டியாடி! ஒரு வீட்டுப் புள்ளைங்கள வச்சே ஊரை நெறைக்கப் பாத்தியாக்கும். யாரு யாரைக் கட்டுறதாம்?"

ஜொய்சிக்குச் சிரிப்பு வரவில்லை. பெரலிய வருஷா வருஷம் காய்க்கிற மரமில்லை. விதையை எடுத்து வைக்கவும் வழியில்லை, சில நாளில் செத்துவிடும். கொட்டியதோடு நாலு காட்டின் பங்கும் போயிற்று. இனி யார் அவளை நம்பி ஒரு கன்றைக் கொடுப்பார்கள்? ராத்திரி மழை வேறு பெய்திருந்தது.

நேரே ஓடைச் சரிவில் இறங்கினாள். அட்டை காலில் ஏறியது. சில பைகள் கிழிந்து வேர் வெளியே கிடந்தது. சிலதை ஓடை கொண்டுபோயிருந்தது. ஆனால் புல்லில் சிக்கியவை மழையில் நனைந்து பச்சையாகவே இருந்தன.

"சேர், உசுரோட இருக்கு!"

"கத்தாம கூடையப் புடிடி." கொழுந்துக்கூடையோடு வழுக்கி வழுக்கி வந்தாள் சூசையம்மா. "என்னை இந்த வயசுல ஓடையில எறக்கிட்டியே, பாவி!"

ஸஹாப்தீன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நடுச்சரிவில் நின்று கூடைகளை வாங்கி மேலே கடத்தினார். மத்தியானத்துக்குள் கொட்டிய கன்றில் பாதிக்குமேல் மேலேறிவிட்டது.

"எது எந்தக் காட்டுதுன்னு தெரியலையே சேர்."

"தெரியாட்டிப் பரவால்ல புள்ள. கலந்துதானே நடப்போறோம்."

வாரக்கணக்கில் நிழலில் வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சில காய்ந்தன. மற்றவை சிவப்பும் வெளிர்பச்சையுமாகத் துளிர்த்தன.

நடும் நாளன்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வேடிக்கை பார்க்க வந்தார். "என்னா ஜொய்சி, ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை! இதான் நீ தவறணையில பழகின வேலையா?"

"இல்லைங்க ஐயா. இதை இப்பத்தான் பழகுறேன்" என்றவள், அடுத்த குழிக்கு ஒரு கோணல் கன்றைக் கேட்டுக் கை நீட்டினாள்.