சம்பாரம் ஒன்பது இடங்கழி

கரமனை அக்ரஹாரத்தில் நைவேத்யத்துக்கு முன்னால் சமையலை நாக்கில் வைத்துப் பார்க்கிற வழக்கம் கிடையாது. உப்பு கூடியதா, குறைந்ததா என்பது முதலில் பகவானுக்குத்தான் தெரியும். அவரோ வாய் திறக்க மாட்டார். கைக்கணக்குதான் எல்லாம்.

ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிற வருஷாந்திர சமாராதனையன்று அந்தக் கைக்கணக்கு அனந்தலக்ஷ்மியின் தலையில் வந்து விடிந்தது. இண்டர்மீடியட் முதல் வருஷம் முடித்திருந்த மருமகள் அவள். "ஆத்துக் காரியம் ஒண்ணு பிசகினாலும் காலேஜ் நின்னாச்சு" என்று சொல்லித்தான் மாமனார் நீலகண்டன் சேர்த்திருந்தார். சொன்னதைச் செய்கிற மனுஷர், பாவி.

இடங்கழிப் படியால் பன்னிரண்டு அளந்து வைத்த மோர்க்குழம்பில் உப்புப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். குடத்தோடு திரும்பி வந்தால், மாமியார் சீதாலக்ஷ்மி அதே வெண்கல உருளிக்குள் உப்பைப் போட்டுக்கொண்டிருக்கிறாள்!

"அம்மா, நான் ஆறு பிடி போட்டாச்சே!"

"ஐயோ! நான் மூணு போட்டுட்டேனேடி!"

இரண்டு இடங்கழிக்கு ஒரு பிடி என்பது அந்த வீட்டு அளவு. ஆறு போதும், விழுந்தது ஒன்பது. புதிதாக வைக்கலாமென்றால் கடைந்த மோரெல்லாம் வருகிறவர்கள் குடிக்க இஞ்சி தட்டிப்போட்ட சம்பாரமாகியிருந்தது. அதிலும் ஆறு இடங்கழிக்கு ஒரு பிடி உப்பு.

"அதையே விட்டு நீட்டினா என்ன?" என்றாள் மாமியார்.

"எவ்வளவு விடறது? குறைஞ்சா கரிக்கும். கூடினா சப்புன்னு போயிடும்."

ருசி பார்க்கவும் வழியில்லை. அனந்தலக்ஷ்மி அடுப்புக்கரியை எடுத்துத் தரையில் குந்தினாள்.

விடவேண்டிய சம்பாரம் எக்ஸ் இடங்கழி. அதோடு வருகிற உப்பு, எக்ஸில் ஆறில் ஒரு பங்கு. ஏற்கெனவே இருப்பது ஒன்பது பிடி. இரண்டும் சேர்ந்து, பன்னிரண்டும் எக்ஸும் கூடிய மொத்தத்தில் பாதியாக வரவேண்டும். இரு பக்கத்தையும் ஆறால் பெருக்கினாள்: ஐம்பத்து நாலும் ஒரு எக்ஸும் ஒரு பக்கம், முப்பத்தாறும் மூன்று எக்ஸும் மறுபக்கம். அவசரத்தில் கழிக்கவேண்டிய எக்ஸைக் கூட்டித் தொலைத்தாள். விடை நாலரை. திருப்பிப் போட்டுப் பார்த்தால் இரு பக்கமும் சேரவில்லை.

"நைவேத்யத்துக்கு மணியடிக்கப் போறாடி!" என்றாள் மாமியார், அழாத குறையாக.

காலால் அழித்துவிட்டு மறுபடி போட்டாள். இரண்டு எக்ஸ் பதினெட்டு. எக்ஸ் ஒன்பது. சரிபார்த்தாள்: இருபத்தோரு இடங்கழிக்குப் பத்தரைப் பிடி. கச்சிதம்.

"ஒம்பது இடங்கழி விடுங்கோம்மா. சரியாக்கும்."

மாமியார் எண்ணி எண்ணி விட்டாள். நீர்த்ததற்குக் கொஞ்சம் அரிசிமாவு கரைத்துச் சேர்த்தார்கள். நைவேத்யம் ஆயிற்று, இலை போட்டாயிற்று. மாமனார் குழம்பைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் விடு" என்றார் அவர், பரிமாறுகிறவனிடம். "இன்னிக்கு மோர்க்குழம்பு ஆரு வெச்சது?"

அப்பாடா! அனந்தலக்ஷ்மி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். மாமியார் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பந்தி என்றும் பாராமல் முன்னால் வந்து நின்றாள்.

"பிசகினது நான். சரியாக்கினது உங்க மாட்டுப்பொண்ணோட காலேஜ் கணக்கு. கேட்டேளா, அவ பரீட்சையெல்லாம் முடிக்கறவரைக்கும் நிறுத்தற பேச்சு இந்த ஆத்துல கேக்கப்படாது."

நீலகண்டன் தலையை ஆட்டினார். இன்னொரு கரண்டிக் குழம்புக்காக இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தார்.