அண்ணியின் நாக்கு

என் அண்ணிக்குச் சம்பளமே நாக்குக்குத்தான். சூப் பொடி தயாரிக்கிற தொழிற்சாலையில் ருசி பார்க்கும் வேலை. ஒவ்வொரு கலவையிலும் ஒரு கரண்டி வாயில் வைத்துத் துப்பிவிட்டு, 'போகலாம்', 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். அண்ணன் பஸ் ஓட்டுகிறான். நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் நாத்தனார்; சாப்பாடு மட்டும் கீழே.

ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று டாக்டரம்மா அண்ணிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினம் ஒன்று. மகாராணிக்கு அது போதுமா? சீக்கிரம் தேற வேண்டும் என்று தன்னிஷ்டத்துக்கு மூன்று மூன்றாக விழுங்கினாள். முகத்தில் களை வந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. ஆனால் சாப்பாட்டில் உப்பு ஏறிக்கொண்டே போனது.

"என்னங்க, உப்பு சரியா இருக்கா?" என்று அண்ணி தினமும் கேட்பாள். "அமிர்தம்" என்பான் அந்த மகராசன், சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு. கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே பதில்தான். நான் ஒருமுறை உப்புக் கரிக்கிறது என்றேன். "நாத்தனார் வாய்க்கு எதுதான் பிடிச்சுது?" என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். எக்கேடோ கெடுங்கள் என்று விட்டுவிட்டேன்.

அண்ணி 'போகலாம்' என்று விட்ட ஒரு கலவை, கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. அத்தனையும் வெறும் உப்பு. மேனேஜர் அவளுக்கு இரண்டு மாத லீவு கொடுத்தார். அதற்குள் நாக்கு சரியானால் பழைய இடம், இல்லாவிட்டால் அட்டைப் பெட்டி ஒட்டும் வேலை.

அன்று அண்ணி அழவில்லை. அண்ணன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"உப்பு சரியான்னு தினமும் ஏன் கேட்டேன் தெரியுமா? என் நாக்கு மேல எனக்கே சந்தேகம். நீங்க நல்லாருக்குன்னு சொன்னதை நம்பித்தான் வேலைக்குப் போனேன்."

"நீ மனசு கஷ்டப்படுவியேன்னு..."

"இப்ப குளுகுளுன்னு இருக்கு!"

டாக்டரம்மா ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "இரும்பும் துத்தநாகமும் குடல்ல ஒரே வாசல்ல முட்டி மோதிக்கிட்டு உள்ள போறதுங்கம்மா. நீங்க இரும்பையே மூணு மடங்கு தள்ளினா, துத்தநாகம் பாவம் எப்படிப் போகும்? உங்க உடம்புல அது ரொம்பக் கம்மி. அது குறைஞ்சா ருசி மங்கிடும்." இரும்பைக் குறைத்தார். துத்தநாகத்துக்குத் தனி மாத்திரை, வேறு வேளையில். "திரும்ப வருமா?" என்றாள் அண்ணி. "வரணும். பொறுத்துதான் பார்க்கணும்" என்றார்.

அதுவரை சமையல் என் தலையில் விழுந்தது. லீவு முடியப் போகிற சமயத்தில் அண்ணியே அடுப்படிக்குப் போய்க் காய்கறிக் குழம்பு வைத்தாள். ஒரு வாய் வைத்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. போச்சு, ருசி இன்னும் திரும்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னங்க, எப்படி இருக்கு?"

அண்ணன் தட்டைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். பழைய பாட்டைப் பாடினால் தட்டை அவன் தலையிலேயே கவிழ்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

"வாயில வைக்க முடியலம்மா," என்றான். "ஒரே உப்பு."

"வேணும்னுதான் அள்ளிப் போட்டேன்," என்றாள் அண்ணி. "எனக்கும் வாயில வைக்க முடியல."

அண்ணன் சோற்றுக் கையோடு ஓவென்று அழுதான்.