ஏறுற பாட்டு

அப்பா இறந்து பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. குட்டி அவருடைய அறைத் தரையில் மல்லாந்து படுத்து, பெடல் ஸ்டீல் கிட்டாரின் இரண்டாவது காலைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றிய முதல் கால் அவள் வயிற்றின் மேல் கிடந்தது. அந்த மூலைக்கு ஒரு முக்காலியையும் இரண்டு தலையணைகளையும் முட்டுக் கொடுத்திருந்தாள். இரண்டு பேர் செய்யவேண்டிய வேலை. ஒருத்தியாகச் செய்தால் மொத்தமும் மூஞ்சியில் விழலாம் என்று தெரிந்துதான் செய்தாள். யாராவது கேட்பதற்கு முன் அது வீட்டை விட்டுப் போய்விட வேண்டும்.

கதவு திறந்தது. அத்தையின் கணுக்கால்கள் மட்டும் தெரிந்தன.

"அங்க என்னடி பண்ற, பல்லி மாதிரி?"

"கழட்டுறேன் அத்தை. இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு."

"யாரு இடத்தை அடைக்குது? திரும்ப மாட்டு. மூணு மணிக்கு என் தம்பியை எடுக்கறதுக்கு முன்னாடி நீ அதை வாசிக்கப்போற."

குட்டியின் கை நின்றது.

"நேத்து வாசிச்சியே, அதே பாட்டு. உங்கம்மா வேற ஒண்ணுமே கேட்கல. காபி வேணாங்கறா, செத்த நேரம் படுன்னா படுக்க மாட்டேங்கறா. 'குட்டி வாசிக்கறதைக் கேட்டுக்கிட்டேதான் அவர் போனாரு'ன்னு வர்றவங்க கிட்டயெல்லாம் இதே பேச்சு. நானும்தான் சொல்லிட்டு இருக்கேன். இஸ்திரி மேஜை மாதிரி இருக்குன்னு இதை நான் பேசாத பேச்சா!"

அத்தை குனிந்து, தன் புடவைத் தலைப்பால் கிட்டாரின் ஓரத்தில் இருந்த தூசியைத் துடைத்துவிட்டுப் போனாள்.

நேற்று வாசித்தது குட்டி இல்லை. கண்ணாடி. இது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

கண்ணாடி என்பது தோழியின் பட்டப்பெயர்; மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அவளும் போட்டிருப்பாள். அவர்களோடு பள்ளியில் படித்த நெட்டை கூரியர் வண்டி ஓட்டுகிறான். குட்டி தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பாட்டில்களுக்கு எண் ஒட்டி உப்பு பார்ப்பவள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில், கடை ஓரமாக ஒதுங்கி நின்றபோது, கண்ணாடியின் போனில் மூவரும் முதன்முதலாக இந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். "இது அழுவுதா, கொட்டாவி விடுதா?" என்று கேட்டது நெட்டை. ஆனால் வீட்டுக்குப் போய் விடியும் வரை அதையே தேடிக் கேட்டதும் அவன்தான்.

சொல்லிக்கொடுக்க ஊரில் ஆள் இல்லை. வீடியோக்களைப் பாதி வேகத்தில் ஓட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். மூவரும் சேர்ந்து வாங்கிய ஒரு கிட்டார், மூன்று வீடு, வீட்டுக்கு ஒரு வாரம். இப்போது அவர்களைப் பார்த்துவிட்டு இன்னும் நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒருத்தி பல் மருத்துவம் படிக்கிறவள். தன் முறை வரும்வரை சாப்பாட்டு மேஜையில் பத்துக் கோடு கிழித்து, தேக்கரண்டியை வைத்து வழுக்கிப் பழகுகிறாளாம்.

நாலு காலில் படுத்துக்கிடக்கும் பத்துக் கம்பிகள். இடது கையில் வழுவழுப்பான ஒரு இரும்புத் துண்டு. வலது கை விரல்களுக்குத் தகரத்தில் நகங்கள். கீழே மூன்று பெடல்கள், முழங்காலால் தள்ளுவதற்குச் சில நெம்புகோல்கள். இரும்பை நகர்த்தாமல் பெடலை மட்டும் மிதித்தால், சுரம் நின்ற இடத்திலேயே மெல்ல ஏறும். தண்ணீருக்குள்ளிருந்து ஒருவர் மேலே வருவது போல.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். படுக்கையில் விழுந்த பிறகு குட்டி தன் வாரத்தில் கிட்டாரை அவர் அறையிலேயே போட்டுக்கொண்டாள். அவருடைய கட்டில் தாழ்வானது. அதில் படுத்திருப்பவருக்கு வாசிப்பவளின் முகம் தெரியாது, கைகள் தெரியாது. கிட்டாரின் அடிவயிறுதான் தெரியும். பெடலை மிதித்தால் கம்பி ஒன்று கீழே இறங்கும், குறுக்கே ஒரு தண்டு திரும்பும், ஸ்பிரிங் ஒன்று இழுபடும். அப்பா அதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

"மேல நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்க. வேலை நடக்கறது கீழதான்," என்பார்.

கண்ணாடி சொந்தமாக ஒரு மெதுவான பாட்டு கட்டியிருந்தாள். ஏறிக்கொண்டே போகும். அப்பா அதற்கு 'ஏறுற பாட்டு' என்று பெயர் வைத்தார். கடைசிப் பகுதியில் இரண்டு பெடல்களையும் முழங்கால் நெம்புகோலையும் ஒரே கணத்தில் அழுத்த வேண்டும். குட்டிக்கு முழங்கால் பிந்தும். அதனால் அதற்கு முன்பே நிறுத்திவிடுவாள். "கடைசி மாடிக்குக் கூட்டிட்டுப் போக மாட்டியா?" என்று அப்பா கேட்பார். "ரிப்பேர்ப்பா," என்பாள். "மெக்கானிக்கைக் கூப்பிடு," என்பார். இது தினமும் நடக்கும்.

நேற்று மதியம் அம்மா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் கண்ணாடி வந்தாள். "நான் இருக்கேன், நீ போய்த் துணி எடுத்துட்டு வா," என்றாள். மொட்டை மாடியில் துணிகளை எடுத்து மடியில் குவித்துக்கொண்டு குட்டி தண்ணீர்த்தொட்டியின் நிழலில் உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் என்றுதான் நினைத்தாள். துணிகள் வெயிலில் சுட்டு இதமாக இருந்தன. மூன்று ராத்திரியாக அவள் தூங்கியிருக்கவில்லை.

தூக்கத்தில் ஏறுற பாட்டு கேட்டது. கனவில் அதை அவளே வாசித்துக்கொண்டிருந்தாள். முழங்கால் பிந்தவில்லை. மாடி மாடியாக ஏறி, கடைசி மாடியும் கடந்து, கூரை இல்லாத ஓர் இடத்துக்குப் பாட்டு போய் நின்றது. அங்கே காற்று மட்டும் இருந்தது. அவ்வளவு நிம்மதியாக அவள் தூங்கியதே இல்லை.

கண்ணாடி தோளைப் பிடித்து உலுக்கினாள். "கீழ வாடி," என்றாள்.

அறையில் அப்பா அப்படியே படுத்திருந்தார். உட்கார இருந்தது கிட்டாரின் பின்னால் இருந்த முக்காலி ஒன்றுதான். உட்கார்ந்தாள். கம்பிகளின் மேல் இரும்புத் துண்டு கிடந்தது, எடுத்தாள். அதில் கண்ணாடியின் கைச்சூடு இன்னும் இருந்தது. கண்ணாடி தண்ணீர் கொண்டுவர அடுக்களைக்குப் போன நேரத்தில், மருந்துப் பையோடு அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு குட்டி, எவ்வளவு நல்லா..." என்று ஆரம்பித்தவள் கட்டிலைப் பார்த்தாள்.

ரொம்ப நேரம் கழித்து, "நீ வாசிச்சுக்கிட்டே இருந்தியா? அவர் கேட்டுக்கிட்டே இருந்தாரா?" என்று கேட்டாள். குட்டி தலையசைத்தாள். ஒரு நொடிகூட ஆகியிருக்காது. அந்த ஒரு நொடியைத்தான் இப்போது வீடு முழுவதும் கைமாற்றிக் கைமாற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பதினொரு மணிக்குக் கண்ணாடியும் நெட்டையும் வந்தார்கள். அத்தை நெட்டையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவன் ஒருத்தன் போதும், தூக்கிட்டு வந்து முன்னறையில வைக்கச் சொல்லு," என்றாள். நெட்டை கிட்டாரைத் தூக்கி வந்தான். அப்பாவின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். நாற்காலிகளில் இருந்தவர்கள் கால்களை மடக்கிக்கொண்டார்கள். கால்களைத் திரும்ப மாட்டவும் பெடல் கம்பிகளைக் கோக்கவும் குட்டியும் கண்ணாடியும் கிட்டாரின் அடியில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள். சுற்றிலும் செருப்பில்லாத பாதங்கள். மேலே ஆட்களின் பேச்சு, மூடிய பாத்திரத்துக்குள் கேட்பது போல முணுமுணுவென்று கேட்டது.

"அப்பா கண்ணு திறந்திருந்துதா?" என்றாள் குட்டி, திருகாணியைப் பார்த்தபடி. கண் திறந்திருந்தால் பெடல் மேல் இருந்த பாதம் யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கண்ணாடி கால் நகங்களுக்கு நீலச்சாயம் பூசியிருந்தாள்.

"மூடித்தான் இருந்துச்சு."

"முழுசாவா?"

"முழுசா."

"எவ்வளவு நேரம் வாசிச்ச?"

"பத்து, பன்னெண்டு நிமிஷம் இருக்கும்."

"பன்னெண்டு நிமிஷம். மாடிக்கு இருபத்திரண்டு படிடி. ஓடி வந்து ஒரு குரல் கொடுக்கத் தோணலையா உனக்கு?"

கண்ணாடி கையில் இருந்த கம்பியைத் தப்பான துளையில் கோத்து, எடுத்து, மறுபடி கோத்தாள்.

"நான் நீயா இருந்தா வந்திருப்பேன்," என்றாள் குட்டி.

"தெரியும். நான் எழுந்திரிச்சேன் குட்டி. ஆனா அவரு..."

தலைகீழாக நெட்டையின் முகம் எட்டிப் பார்த்தது. "என்னங்கடி, உள்ளேயே குடித்தனமா? உங்கண்ணன் வந்தாச்சு."

விமானத்திலிருந்து நேராக வந்திருந்த அண்ணன், பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டான். அப்பாவைப் பார்த்து அழுதான். பிறகு குட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். "போன வாரம் அப்பா போன் பண்ணாரு. மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்னுட்டேன்," என்றான் அவள் தலைக்கு மேலே. "நல்லவேளை நீ இருந்த. உன் கையால கேட்டுக்கிட்டுப் போனாரே, அது போதும் எனக்கு." குட்டி அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவுக்கு மட்டும் என்று இருந்த பொய் இப்போது அண்ணனுக்கும் என்று ஆகிவிட்டது.

அவள் கணக்குப் போட்டாள். முதல் பகுதியை வாசித்து நிறுத்திவிடலாம். இங்கே யாருக்கும் பாட்டு தெரியாது. வாசித்துவிட்டால் நேற்று வாசித்ததும் அவள்தான் என்று நிரந்தரமாக ஆகிவிடும். அம்மாவுக்கு அது துணையாக இருக்கும். அப்பாவுக்குத் தெரிந்ததா இல்லையா என்பது மட்டும் அவளிடம் தங்கும்.

மூன்று மணிக்கு வண்டி வந்து வாசலில் நின்றது. நெட்டை ஒலிப்பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தான். அது மெல்ல உறுமத் தொடங்கியது. குட்டி விரல்களில் தகர நகங்களை மாட்டினாள். அம்மா அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். நேற்றுக் காலையில் கட்டிய அதே புடவை.

குட்டி வாசித்தாள். முதல் சுரம் எழுந்து அறையில் சாய்ந்து நின்றது. இரண்டாவது அதன் மேல் கால் வைத்து ஏறியது. பேச்செல்லாம் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாக வந்த வெயிலில் தூசி ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு குளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பது போல, அசைவே இல்லாமல், தலைமுடி மட்டும் காற்றில் லேசாக அலைய உட்கார்ந்திருந்தார்கள். மாடி மாடியாகப் போய், வழக்கமாக நிறுத்தும் இடத்துக்கு வந்தாள். இரும்பை எடுத்துவிட்டு, கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

அத்தை மூக்கை உறிஞ்சினாள். நான்கு பேர் எழுந்து அப்பாவின் இருபக்கமும் வந்தார்கள்.

"இன்னும் இருக்கே," என்றாள் அம்மா.

எழுந்தவர்கள் நின்றார்கள்.

"இன்னும் மேல போகுமே குட்டி. நேத்துப் போச்சே. நான் தெருமுனையில நின்னுட்டேன், அது எங்க போய் நிக்குதுன்னு பார்க்க. அதை வாசி."

"எனக்கு அவ்வளவுதான்மா வரும்."

"நேத்து வந்துச்சே."

குட்டி ஒவ்வொரு விரலாகத் தகர நகங்களைக் கழற்றினாள். கழற்றிய மூன்றையும் கம்பிகளின் மேல் வைத்தாள். கம்பிகள் கிணுகிணுத்தன.

"நேத்து வாசிச்சது நான் இல்லம்மா. நான் மாடியில தூங்கிட்டேன். கண்ணாடிதான் வாசிச்சா. அப்பா போனப்ப நான் பக்கத்துல இல்ல."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் தரையைப் பார்த்தான். ஒலிப்பெட்டியின் உறுமல் ஒன்றுதான் கேட்டது. நெட்டை அதையும் அணைத்தான். அம்மா குட்டியைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற கண்ணாடியைப் பார்த்தாள்.

"நீயா?"

கண்ணாடி தலையசைத்தாள்.

"அப்ப அவரு... குட்டிதான்னு நினைச்சுக்கிட்டேவா போனாரு?"

குட்டி நிமிர்ந்தாள். அவள் கேட்க நினைத்ததை அம்மா கேட்டுவிட்டாள். வாசலில் வண்டிக்காரர் இன்ஜினை நிறுத்தினார்.

கண்ணாடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியில் துடைத்தாள். அது இல்லாமல் அவளுக்கு எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"இல்ல ஆன்ட்டி. அவருக்குத் தெரிஞ்சுடுச்சு. கண்ணையே திறக்கல. கடைசிப் பகுதிக்குப் போனதும், 'குட்டி எங்க'ன்னாரு. துணி எடுக்கப் போனா, ஆளையே காணோம், தூங்கிட்டா போலிருக்கு, கூட்டிட்டு வர்றேன்னு எழுந்திரிச்சேன்."

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குட்டியைப் பார்த்தாள்.

"'வேணாம், மூணு நாளா அவ தூங்கல, எழுப்பாத'ன்னாரு."