ஒன்பதுக்கு ஏழு

இந்தக் கதையில் வருகிற யாரையும் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். கோபித்துக்கொண்டால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். முழுக்கக் கேட்டால்தான் மனசு ஆறும். ஆறாமலும் போகலாம், அதற்கு நான் பொறுப்பில்லை.

அக்காவும் தங்கையும் இரண்டு ராணுவ அதிகாரிகளுக்கு வாக்கப்பட்டார்கள். அக்கா புருஷன் மேஜர், தங்கை புருஷன் கர்னல். வயதில் மேஜர் மூன்று வருஷம் பெரியவர். பதவியில் கர்னல் பெரியவர். அதனால் வீட்டுக்கு ஒரு மரியாதை, வேலைக்கு ஒரு மரியாதை என்று இருவரும் பிரித்து வைத்துக்கொண்டார்கள். ஒரே படைப்பிரிவில் கர்னல் தலைவராகவும் மேஜர் அவருக்குக் கீழேயும் இருந்த காலத்தில், காலையில் முகாம் வாசலில் மேஜர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து "சார்" என்பார். சாயங்காலம் வீட்டில் அதே கை "வாங்க சகலை" என்று கர்னலின் தோளில் தட்டும். கர்னல் எழுந்து நின்று "உட்காருங்கண்ணே" என்பார்.

"காலையில சல்யூட்டு, சாயங்காலம் தட்டு. உங்க கைக்குத்தான் ஓய்வே கிடையாது அத்தான்" என்பாள் தங்கை.

"தட்டுறதுக்குச் சம்பளம் இல்லம்மா, அது இலவசம்" என்பார் மேஜர்.

அவர் பாலம் போடுகிறவர். ஆற்றில் மிதவைகளை வரிசையாகக் கட்டி, மேலே இரும்புப் பலகை பரப்பி, லாரி போகிற பாதையாக்குகிற படைப்பிரிவு அது. அதன் தலைவர் அறையில் ஒரு மரப்பலகை உண்டு. இதுவரை தலைமை தாங்கியவர்களின் பெயர்கள் தங்க நிற எழுத்தில் இருக்கும். பெயர்கள் முடிகிற இடத்துக்குக் கீழே கொஞ்சம் வெற்று மரம். மேஜர் அந்த அறைக்குப் போகும்போதெல்லாம் கண் அந்த வெற்று மரத்தில்தான் போய் நிற்கும். ஒரே ஒரு வருஷமாவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். அதை அவர் மனைவியிடம்கூட வாய் விட்டுச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும்.

நாற்காலிக்கு வர வேண்டுமானால் கர்னல் ஆக வேண்டும். மேஜராகவே இருந்தால் ஐம்பது வயதில் வீட்டுக்குப் போக வேண்டும், கர்னல் ஆகிவிட்டால் ஐம்பத்து நான்கு. ஆக்கலாமா வேண்டாமா என்று ஒரு தேர்வுக் குழு மூன்றே மூன்று முறை பார்க்கும். குழு ஆளைப் பார்க்காது, கோப்பைப் பார்க்கும். அதில் வருஷத்துக்கு ஒரு ரகசிய அறிக்கை. மேலதிகாரி ஒன்பதுக்கு இத்தனை என்று அதில் மதிப்பெண் போடுவார். ஐந்துக்குக் கீழே போட்டால்தான் சம்பந்தப்பட்டவரிடம் காட்ட வேண்டும். அதற்கு மேலே என்றால், என்ன போட்டார்கள் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

மேஜரின் பெயர் மூன்றாவது முறையும் வரவில்லை. ஐம்பது முடிய ஐந்து வாரம் இருந்தது.

கர்னல் அப்போது தலைமையகத்துக்கு மாற்றலாகி வந்திருந்தார். ஒரு மத்தியானம், தேர்வுப் பிரிவின் மூத்த குமாஸ்தா ஏதோ கையெழுத்துக்காக அவர் அறைக்கு வந்தவர், போகிற போக்கில் சொன்னார்.

"உங்க பழைய யூனிட்டு மேஜர் ஒருத்தர் இந்தத் தடவையும் விழுந்துட்டார் சார். பாவம், கொஞ்சத்துல போச்சு."

"எதுல போச்சு?"

"வருஷா வருஷம் ஒம்போது, ஒம்போது, எட்டு, ஒம்போது. நடுவுல ஒரே ஒரு வருஷம் ஏழு. அதான் ஆளைக் கவுத்துருச்சு."

"ஏழு நல்ல மார்க்குதானே?"

"ரூல் புக்குல நல்ல மார்க்குதான் சார். எல்லாரும் எல்லாருக்கும் ஒம்போது அள்ளிப் போடுற இடத்துல ஏழுன்னா, இந்த ஆள் வேணாம்னு கண் ஜாடை காட்டுற மாதிரி. எங்க தாளுல மார்க்கு மட்டும்தான் வரும், போட்டவர் பேரு வராது. எந்தப் புண்ணியவானோ, பிடிக்காம போட்டிருக்கான்." குமாஸ்தா காகிதங்களை அடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் புண்ணியவான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய விஷயம். அந்த வருஷம் பெரிய வெள்ளம் வந்து மேஜர் பதினோரு மணி நேரத்தில் பாலம் போட்டு ஓர் ஊரையே இக்கரைக்குக் கொண்டுவந்தார். அறிக்கை எழுதும் நேரம் வந்தபோது கர்னல் மேலிடத்துக்குக் கடிதம் போட்டுக் கேட்டார்: இவர் எனக்கு உறவு, நான் எழுதலாமா? பதில் வந்தது. தகப்பன், பிள்ளை, அண்ணன், தம்பி, மைத்துனன் ஆகியோருக்கு எழுதக் கூடாது. சகலை பட்டியலில் இல்லை. தாங்களே எழுதவும்.

அதே வாரம் அதிகாரிகளின் சாப்பாட்டு அறையில் ஓர் இளைய கேப்டன் சிரித்துக்கொண்டே, "மேஜருக்கு என்ன கவலை, வீட்டுக்குள்ளேயே பரீட்சை, வீட்டுக்குள்ளேயே மார்க்கு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மேஜரும் சிரித்தார். கர்னலுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. அன்று சாயங்காலம் அறிக்கையை வீட்டுக்கு எடுத்து வந்தார். பென்சிலால் ஒன்பது போட்டார். பார்த்துக்கொண்டே இருந்தார். அழித்தார். மையால் ஏழு எழுதினார். ஏழும் நல்ல மதிப்பெண்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாதபடி நேர்மையாக நடந்துகொண்டதாக நிம்மதியாகத் தூங்கினார்.

ஆறு வருஷம் கழித்து இதை அவர் தன் மனைவியிடம் சொன்னபோது, அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"மேசையில ரப்பர் தூள் கிடந்துச்சு. என்ன அழிச்சீங்கன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னீங்க. நான்தான் துணியால துடைச்சுத் தள்ளினேன்."

"ஆமா."

"இப்ப என்ன செய்யலாம்?"

"ஓய்வு பெறுறதுக்குள்ள அண்ணன் மனு போடலாம். கூடவே நான் எழுதிக் கொடுக்கணும். தகுதி பார்த்துக் குறைக்கல, உறவுங்கிறதால குறைச்சேன்னு."

"எழுதினா உங்களுக்கு?"

"அடுத்த மாசம் பிரிகேடியர் பட்டியல். அறிக்கையில உள்ளதை மாத்தி எழுதினவன்னு கோப்புல ஏறிட்டா அதோட சரி."

தங்கை கத்தியைக் கழுவி வைத்தாள். பிறகு, "நான் புடவை மாத்திட்டு வர்றேன். வண்டியை எடுங்க" என்றாள்.

அக்கா வீட்டில் கறுப்பு இரும்புப் பெட்டிகள் கூடத்தில் வரிசையாக நின்றன. பெட்டி மேல் பெயருக்கு முன்னால் இருந்த பதவிக்குப் பக்கத்தில் 'ஓய்வு' என்று புதிதாக வெள்ளை எழுத்து. பெயிண்ட் காயவில்லை. "தொட்டுடாதீங்க சகலை, ஒட்டிக்கும். அந்த வியாதி உங்களுக்கு இப்ப வேணாம்" என்றார் மேஜர்.

கர்னல் உட்காராமல் நின்றபடியே சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார், பென்சிலை, ரப்பரை, கேப்டன் சிரித்ததை. எழுதிக்கொண்டு வந்த காகிதத்தைப் பெட்டி மேல் வைக்கப் போய், ஈரம் என்று ஞாபகம் வந்து கையிலேயே வைத்துக்கொண்டார்.

அக்காதான் கேட்டாள்.

"தம்பி, யாரோ வெளி ஆளா இருந்திருந்தா என்ன போட்டிருப்பீங்க?"

"ஒன்பது போட்டிருப்பேன் அண்ணி."

"அப்ப உங்களுக்குச் சொந்தமானதுதான் இவர் செஞ்ச தப்பா?"

தங்கை அக்காவின் கையைப் பிடிக்கப் போனாள். அக்கா கையை விலக்கவில்லை, ஆனால் அந்தக் கையில் பிடிப்பே இல்லை.

மேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை இரண்டு முறை படித்தார். "நாளைக்குக் காலையில போட்டுடுறேன்" என்றார்.

போட்டார். ரசீது எண் வந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம் ஆனது. அக்கா பெட்டிகளைக் கட்டவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை. சட்டைகளை மடித்து வைப்பாள், மறுநாள் எடுத்து மாட்டுவாள். பிரிகேடியர் பட்டியல் வந்தது, கர்னலின் பெயர் இல்லை. மேஜருக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. காகிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது, யாரோ படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி நினைத்ததற்காக அன்று முழுக்க அவர் வெட்கப்பட்டார்.

மாதக் கடைசி வந்தது. வழியனுப்பினார்கள். சாவி, அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒப்படைத்தார். தலைவர் அறையில் தேநீர் கொடுத்தார்கள். மரப்பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தார்.

வாடகை வீட்டுக்குக் குடிபோய் மூன்று மாதம் ஆன பிறகு பதில் வந்தது. இரண்டு பத்திதான். முதல் பத்தி: மனு ஏற்கப்பட்டது, குறிப்பிட்ட ஆண்டின் மதிப்பெண் கோப்பிலிருந்து நீக்கப்படுகிறது, எஞ்சிய மதிப்பெண்களின்படி மனுதாரர் பதவி உயர்வுக்குத் தகுதியுடையவர். இரண்டாவது பத்தி: மனுதாரர் தற்போதைய பதவிக்கான வயது வரம்பைக் கடந்து ஓய்வு பெற்றுவிட்டதால் மேல் நடவடிக்கை தேவைப்படவில்லை.

அக்கா முதல் பத்தியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். 'தகுதியுடையவர்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "போட்டிருக்காங்க பாருங்க" என்றாள். மேஜர் "ம்" என்றார்.

விஷயம் கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமை கர்னலும் தங்கையும் வந்தார்கள். தங்கை நேரே உள்ளே போய் அக்கா பக்கத்தில் நின்றாள். அக்கா வெங்காயத்தையும் கத்தியையும் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள். அதுவே பெரிய காரியம் என்று தங்கை குனிந்து உரிக்க ஆரம்பித்தாள்.

கூடத்தில் மேஜர் எழுந்து நின்றார். மூத்தவர் தனக்காக எழுந்திருப்பதைப் பார்த்து கர்னல் பதறிப்போனார்.

"நீங்க உட்காருங்கண்ணே."

"இருக்கட்டும். நீங்க உட்காருங்க சார்" என்றார் மேஜர்.

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது, கோபமும் இல்லை. பழகிய குரல்தான், முகாம் வாசலில் கேட்கிற குரல். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் குரல் வீட்டுக்குள் ஒரு நாளும் வந்ததில்லை.

கர்னல் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் தேநீர் வந்தது. மேஜர் மழையைப் பற்றி விசாரித்தார், தலைமையகத்தில் லிஃப்ட் சரியாகிவிட்டதா என்று கேட்டார். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு "சார்" இருந்தது. கிளம்பும்போது வாசல்வரை வந்தார். கர்னல் செருப்பை மாட்டக் குனிந்து நிமிரும்போது, பழைய பழக்கத்தில் மேஜரின் கை அவர் தோள் பக்கம் எழும்பியது. தோளுக்குச் சற்று முன்னால் நின்றது. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டது.