லீவே போடாத டீச்சர்கள்

சண்முகவடிவு அந்த வார்த்தையை மே மாதத்தில் வெறும் பெருமைக்காகச் சொல்லிவைத்தாள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அது உடன் வேலை பார்க்கும் கைசர் ஜஹானின் வேலைக்கே உலை வைத்துவிட்டது.

மயிலாப்பூரில் அவர்கள் பெண்கள் பள்ளிக்கு வருஷாவருஷம் டைம்டேபிள் போடுவது கணக்கு டீச்சரான சண்முகவடிவுதான். விடுமுறை முழுக்கச் சார்ட் பேப்பரைத் தரையில் விரித்து, எழுதி, அழித்து, மறுபடி எழுதி, வீட்டில் ஒருவரையும் அந்தப் பக்கம் நடக்கவிடாமல் ஒரு வழி பண்ணிவிடுவாள். எழுபத்தெட்டாம் வருஷம் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் பொன்ராஜுக்கு வேறு ஆசை வந்தது. தி. நகரில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர் அவர். அவருடைய அக்கா மகன் ஜவஹர், அடையாறில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். விவரங்களை எல்லாம் அட்டையில் ஓட்டைகளாகப் போட்டு மிஷினுக்குள் விட்டால் டைம்டேபிள் தானாக அச்சாகி வந்து விழும் என்று அவன் சொல்ல, மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

விவரம் கொடுக்க வேண்டியவள் சண்முகவடிவு. அவளும் சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் கொடுத்தாள். எல்லாம் முடிகிற நேரத்தில் ஜவஹர் ஒரு கேள்வி கேட்டான். டீச்சர் யாராவது வராத நாளில் அந்த வகுப்புக்கு வேறு ஆளை அனுப்ப வேண்டுமே, ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை பேர் லீவு போடுவார்கள்? பக்கத்தில் பொன்ராஜ் உட்கார்ந்திருந்தார், ஹெட்மிஸ்ட்ரஸ் பங்கஜம் உட்கார்ந்திருந்தார்.

"எங்க ஸ்கூல்ல யாரும் லீவே போடறதில்ல சார்" என்றாள் சண்முகவடிவு.

அவன் பூஜ்யம் என்று குறித்துக்கொண்டான்.

ரிஜிஸ்டரில் இருக்கும் கையெழுத்தை வைத்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. ஒரு டீச்சருக்குக் குழந்தை காய்ச்சலில் படுத்திருக்கும். காலையில் வந்து கையெழுத்துப் போடுவாள், இரண்டாம் மணி அடித்ததும் நழுவிவிடுவாள். அவள் வகுப்பை இன்னொருத்தி பார்த்துக்கொள்வாள். வருஷத்துக்குக் கொடுக்கும் கொஞ்சம் லீவை வீணாக்காமல் இருக்க அவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு இது. இதற்கு 'பாத்துக்கறது' என்று பெயர். பெரும்பாலும் பார்த்துக்கொண்டவள் கைசர் ஜஹான். எல்லோருக்கும் இளையவள், தற்காலிகமாகச் சேர்ந்தவள், ஜூன்தோறும் பொன்ராஜ் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் ராயப்பேட்டையில் அவள் அம்மாவும் இரண்டு தங்கைகளும் சாப்பிட்டார்கள். போன வருஷம் சண்முகவடிவின் மகளுக்குச் சிக்கலான பிரசவம். எத்தனையோ மத்தியானங்கள் சண்முகவடிவு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சரித்திரம் நடத்தும் அந்தப் பெண்தான் பத்தாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா போட்டுக் கொடுத்தாள்.

பள்ளி திறக்க மூன்று நாள் இருக்கையில் ஜவஹர் அகலமான தாள்களில் மடிப்பு மடிப்பாக வந்த டைம்டேபிளைக் கொண்டுவந்து கொடுத்தான். வரவேண்டிய இடத்தில் மற்ற எல்லோருடைய பெயரும் வந்திருந்தது. கைசர் ஜஹானின் வகுப்புகளை மட்டும் மற்றவர்களுக்குப் பங்கு போட்டுவிட்டது மிஷின். யாரும் லீவே போடாவிட்டால் இருபத்தெட்டுப் பேர் செய்கிற வேலையை இருபத்தேழு பேர் செய்துவிடலாம் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதாகப் பொன்ராஜ் கடையில் வருவோர் போவோரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

லீவுக்கு நேரே விழுந்த அந்தப் பூஜ்யம் செய்த வேலை இது என்று சண்முகவடிவுக்குப் புரிந்தது. பஸ் பிடித்து அடையாறுக்கு ஓடினாள். ஜவஹர் நல்ல பையன், எரிந்து விழவில்லை. லீவுக் கணக்கை மாற்றிக் கொடுத்தால் மறுபடி ஓட்டலாம், ஆனால் மாமாவிடம் நீங்களே காரணம் சொல்ல வேண்டும் என்றான். சாயங்காலம் டீச்சர்களைக் கூட்டிப் பேசினாள். உண்மையைச் சொல்லிவிடலாம், எல்லோரும் சேர்ந்து போனால் பயமில்லை என்றாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சம்பளத்தில் பிடிப்பார்கள், சர்வீஸில் கரும்புள்ளி விழும், கைசர் நல்ல பெண்தான், அதற்காக ஊரே தூக்கில் தொங்க முடியுமா என்று சயன்ஸ் டீச்சர் தேவானை கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வாயைத் திறந்து மாட்டிவிட்டது யார்?

சரி, என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன் என்று முடிவு செய்துகொண்டாள் சண்முகவடிவு. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் பொன்ராஜ், பங்கஜம், ஜவஹர் மூவரும் இருந்தார்கள். சம்பளக் கணக்குத் தீர்ப்பதற்காகக் கைசர் ஜஹானையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் கதவோரமாக நின்றாள். சண்முகவடிவு உட்காராமலே பேசினாள். போன வருஷம் மகள் பிரசவத்தின்போது கையெழுத்துப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன், என் வகுப்பை எடுத்தது இந்தப் பெண், லீவே இல்லை என்று நான் சொன்னது தப்பு என்றாள்.

பொன்ராஜ் அவளையே பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, இந்த அம்மா சொல்வது நிஜமா என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றாள் கைசர் ஜஹான். "டீச்சர் தினமும் வந்தாங்க. எனக்காக ஏதோ சொல்றாங்க."

சண்முகவடிவு அதிர்ந்து போனாள். பாவி, இப்போதுகூடப் பார்த்துக்கொள்கிறாளே. வேலை போகிற நேரத்திலும் இன்னொருத்தி தலைக்குமேல் குடை பிடிக்கிறாளே. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவளைக் காப்பாற்ற ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

"அவ பொய் சொல்றா சார்."

பொன்ராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அந்தப் பொண்ணு சொல்லுதது நெசம்னா அவளுக்கு இங்க வேலை கிடையாது. பொய்யின்னா, பொய் சொல்லுத டீச்சரை நான் எதுக்கு வச்சுக்கிடணும்? நீங்களே சொல்லுங்கம்மா."

சண்முகவடிவுக்கு எந்தப் பக்கம் போனாலும் சுவர். தானே வாயைத் திறந்து, இருந்த கொஞ்சநஞ்ச வழியையும் அடைத்துவிட்டோம் என்று தோன்றியது. கைசர் ஜஹான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் பங்கஜம் பேசினார். இருபது வருஷமாக எந்தக் கரஸ்பாண்டென்டையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாத மனுஷி.

"அப்படின்னா என்னையும் சேர்த்து அனுப்பிச்சுடுங்கோ சார். யார் எப்போ ஆத்துக்குப் போறா, யார் அந்த கிளாஸுக்குப் போறான்னு எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுண்டேதான் பேசாம இருந்தேன்."

பொன்ராஜ் வியாபாரி. திங்கட்கிழமை பள்ளி திறக்க வேண்டும். பெற்றோர்கள் வாசலில் வந்து நிற்பார்கள், உள்ளே ஹெட்மிஸ்ட்ரஸ் இருக்க மாட்டார். அந்தக் கணக்குப் போட அவருக்கு மிஷின் தேவைப்படவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மறுபடி ஓட்ட முடியுமா என்று மருமகனைக் கேட்டார். முடியும், எத்தனை பேர் என்று போட வேண்டும் என்றான் அவன்.

"உள்ளதைச் சொல்லுங்க" என்றார் பொன்ராஜ்.

"மூணு பேர்" என்றாள் சண்முகவடிவு.

கைசர் ஜஹானுக்கு அடுத்த வருஷ வேலை தரும் காகிதத்தில் கையெழுத்து விழுந்தது. இனிமேல் மத்தியானமும் கையெழுத்துப் போட வேண்டும், அரை நாள் போனாலும் லீவில் எழுத வேண்டும் என்ற உத்தரவும் கூடவே வந்தது. சாயங்காலத்துக்குள் அது டீச்சர்கள் எல்லோருக்கும் எட்டிவிட்டது. தேவானை சண்முகவடிவைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சண்முகவடிவுக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. கைசர் ஜஹான் வெளியே வரட்டும் என்று பள்ளி கேட் அருகே காத்திருந்தாள்.

வந்தவள் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"இத்தினி வருஷத்துல உங்கள்ல ஒருத்தரைக்கூட நான் காட்டிக் குடுத்ததில்ல டீச்சர். நீங்க ஒரு நிமிஷத்துல என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்க."

"உன் வேலைக்காகத்தான்டி அப்படிச் சொன்னேன்."

"தெரியும். அதனாலதான் உங்க மேல கோவப்படக்கூட முடியல."

இரண்டு பேரும் லஸ் வரைக்கும் ஒன்றாக நடந்துபோய்த்தான் பஸ் ஏறுவது வழக்கம். அன்றைக்குக் கைசர் ஜஹான் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு முன்னால் நடந்தாள். சண்முகவடிவு அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.