எரிச்சல்

துரைசாமி நீலப் பாட்டிலைக் கவுன்டரில் டொக்கென்று வைத்தான். மருந்துக்கடைக்காரர் அவன் மனைவி ராஜஸ்ரீயைப் பார்த்தார். அவள் கேட்டது பல் கூச்சத்துக்கான, ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷ். எரியக் கூடாது, பிரஷும் மிருதுவாக இருக்க வேண்டும் என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு வெள்ளைப் பாட்டிலை எடுத்து வந்தார்.

"எரியோணும். எரிஞ்சாத்தான் கிருமி சாகும்," என்றான் துரைசாமி. "எரியாததுக்குப் பைப்புத் தண்ணியே போதுமே."

அவள் வெள்ளைப் பாட்டிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அவன் நீலப் பாட்டிலுக்கும் பணம் கொடுத்துவிட்டு, அவளோடு சிஞ்ச்வட்டில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பினான்.

ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரம் பார்ப்பது அவன் வேலை. தன் கண்ணுக்குத் தெரியாத எதையும் குறை என்று அவன் ஒப்புக்கொண்டதில்லை. அவளுக்கோ ஈறு இறங்கி, கீழ்வரிசைப் பற்களின் வேர் வெளியே தெரிந்தது. குளிர்காற்று பட்டாலே காதுவரை சுண்டி இழுக்கும். "வேலை சொன்னா மட்டும் பல்லு நோவும் இவளுக்கு," என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லிச் சிரிப்பான். அவளும் வாயைத் திறக்காமல் சிரித்து வைப்பாள். புது மருந்தில் கூச்சம் கொஞ்சம் அடங்கியிருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை வழக்கம்போல வெள்ளைப் பாட்டிலிலிருந்து மூடியில் ஊற்றி, பார்க்காமலே வாயில் விட்டாள். பழுக்கக் காய்ச்சிய கம்பியை ஈறோடு இழுத்ததுபோல் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு துப்பினாள். கண்ணீர் வடிந்த கண்ணோடு பார்த்தபோது வாஷ்பேசினில் நீலம் ஓடியது. அவளுடைய மருந்துக்கு நிறமே கிடையாது.

நிமிர்ந்தாள். துரைசாமி அலுவலகச் சட்டையோடு பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தான். இப்போது வந்தவன் மாதிரி இல்லை.

"மாத்தி ஊத்துனீங்களா?"

"சும்மா ஒரு டெஸ்ட்டு. நீலப் பாட்டிலப் பாத்துட்டுத்தான் எரியுதுன்னு நெனைக்கறயா, நெசமாவே எரியுதான்னு பாத்தேன்."

"எனக்கு நோவுதுன்னு நான் சொன்னது பத்தாதா?"

"அதான் இப்பத் தெரிஞ்சுபோச்சல்ல, நீ பொய் சொல்லலைன்னு. சந்தோசப்படு."

அவன் உண்மையாகவே பெருந்தன்மையோடுதான் அதைச் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் தன் வலிக்கு இவனிடம் சான்றிதழ் கேட்டுத்தான் நின்றிருக்கிறோமா என்று தோன்றியது.

"தள்ளு," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் விடாத 'ங்க' அன்று விட்டுப்போனது. அவனுக்கும் அது கேட்டது. முகம் மாறி, தன்னை அறியாமலே ஒதுங்கினான்.

பெங்களூரில் படிக்கும் மகளின் அறைக்குள் போய்த் தாழ் போட்டாள். ஜாடியில் இருந்த தண்ணீரை ஒரு வாய் நிரப்பிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். எரிச்சல் மெல்ல மெல்ல இறங்கியது.

கதவு தட்டப்பட்டது. "ராஜி, இதுக்குப் போயி இப்பிடியா? கதவைத் தெற." கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. "பதில் சொல்லு. என்னன்னு நெனச்சுட்டு இருக்கற நீ?"

அவள் வாயில் தண்ணீர் இருந்தது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. பஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. கதவின் அடி இடுக்கில் தெரிந்த இரண்டு ஷூக்களின் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை நகரவில்லை.