சீவ்காவின் கழுத்து நாடா

கொல்லன் மகன் ஹியரோனிம் மியூனிக்கில் ஓவியம் படித்துவிட்டு ஊர் திரும்பியதும், நேராக எங்கள் குதிரை சீவ்காவை வரைய வந்து நின்றான். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. சீவ்கா நிறைமாதச் சினை. போன வருடக் குட்டி செத்துத்தான் பிறந்தது. இந்த முறையும் அப்படி ஆனால் உழவுக்கு அடுத்த குதிரை எங்கிருந்து வரும்?

வந்தவன் ஒரு கண்ணை மூடி, தூரிகையை நீட்டி, கட்டைவிரலால் அவள் வயிற்றை அளந்தான்.

"என்ன அழகு அத்தை இவ" என்றான். துப்பவில்லை. குதிரையைப் புகழ்ந்தால் உடனே துப்ப வேண்டும் என்று இந்த ஊரில் பிறந்தவனுக்குத் தெரியாதா?

"துப்புடா" என்றேன். சிரித்துக்கொண்டே துப்பினான். அது ஒரு துப்பலா?

"அங்க என்னதான் படிச்சே?"

"முதல் வருஷம் பூரா சுண்ணாம்புல செஞ்ச குதிரையப் பாத்து வரையறதுதான், அத்தை. கரிக்கட்டியால மட்டும். வண்ணத்தத் தொடவே விடல. அப்புறம்தான் உசிருள்ள குதிரை."

"அந்தக் குதிரைக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"கெழட்டுக் குதிரை. செத்துப்போச்சு."

அதோடு எனக்குத் தூக்கம் போயிற்று. அவன் வரைந்த நாளெல்லாம் வாளி கழுவுகிற சாக்கில் வேலியோரமே நின்றேன். என் புருஷன் வாலென்டி சொன்னதற்காக அவனுக்குப் புளித்த மாவுக் கஞ்சி கொடுத்தேன். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

படம் முடிந்தது. ஈர வயல், தாழ்ந்த வானம், நடுவில் சாம்பல் நிறச் சீவ்கா, மூச்சு விடுகிற மாதிரியே இருந்தாள். ஆனால் கண் படாமலிருக்க அவள் கழுத்தில் நான் கட்டிவிட்ட சிவப்பு நாடாவைக் காணோம்.

"நாடா எங்கடா?"

"அது வேணாம் அத்தை. இத்தன சாம்பலுக்கு நடுவுல ஒரு பொட்டு சிவப்பு வெச்சா, பாக்கறவன் கண்ணு அதுலயே போய் ஒட்டிக்கும். குதிரையப் பாக்கவே மாட்டான். வாத்தியார் தலையில குட்டிச் சொல்லிக் குடுத்தது."

"பின்ன நான் எதுக்குக் கட்டியிருக்கேன்?"

"வார்சா கண்காட்சிக்குப் போற படம். கெட்டுடும்."

"அப்ப இங்கேயே கெடக்கட்டும்" என்று வைக்கோல் கவையோடு வாசலை மறித்து நின்றேன்.

அவன் சீவ்காவின் வயிற்றையே வெகுநேரம் பார்த்தான். பிறகு மருந்து குடிக்கிற முகத்தோடு சிவப்பைக் குழைத்து நாடாவை வைத்தான். வைத்துவிட்டுத் துப்பினான், இந்த முறை சிரிக்காமல்.

குட்டி உயிரோடு பிறந்தது. கண்காட்சி முடிந்து இலையுதிர் காலத்தில் முகம் தொங்க வந்தான்.

"அவ்வளவு கூட்டம், அத்தை. எல்லாரும் அந்த நாடாவத்தான் பாத்தாங்க. சீவ்காவ ஒருத்தர்கூடப் பாக்கல."

என் நெஞ்சு குளிர்ந்தது. கஞ்சியை இன்னும் ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றினேன். அதற்கு முன் தொழுவத்துக் கதவைச் சாத்தினேன். குட்டி உள்ளே நின்றது.